பாலத்து நடுவில் நின்ற பஸ்

"நீங்கள் கத்தோலிக்கரா, புரொட்டஸ்டன்டா?"

மாவட்டப் பள்ளி அதிகாரி வீகாண்ட் இப்படிக் கேட்டதும் சந்திரமௌலி திகைத்துப் போனார். பஸ் ஓட்டுகிற வேலைக்கு வந்த இடத்தில் லைசென்ஸைக் கேட்பார்கள், கண் பார்வையைக் கேட்பார்கள். சாமியைக் கேட்பார்கள் என்று யார் கண்டது?

"இரண்டும் இல்லை" என்றார் தயங்கிக்கொண்டே. வேலை போச்சு என்று தீர்மானித்துத் தொப்பியைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்.

வீகாண்ட் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். "இரண்டும் இல்லையா? நிஜமாகவா? உங்களைத்தான் ஐயா நான் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்!"

நடு ஜெர்மனியில் மலையும் காடுமாகக் கிடக்கிற ஒரு மாவட்டம் அது. வருஷம் 1969. வீகாண்டின் அறைச் சுவர் முழுக்க அந்த மாவட்டத்தின் வரைபடம் தொங்கியது. ஒவ்வொரு கிராமத்தின்மேலும் ஒரு குண்டூசி. ஒவ்வொரு குண்டூசியும் ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் என்றால் ஒரே அறை, ஒரே வாத்தியார். முதல் வகுப்பு முன்வரிசையில், எட்டாம் வகுப்பு கடைசி வரிசையில். நடுவில் இருக்கிறவன் எதைப் படித்தான் என்று அவனுக்கும் தெரியாது, வாத்தியாருக்கும் தெரியாது. இந்தக் குண்டூசிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, நாலைந்து கிராமத்துக்கு ஒரு பெரிய பள்ளி, அதில் வகுப்புக்கு ஒரு அறை, சோதனைக்கூடம், உடற்பயிற்சிக் கூடம், பிள்ளைகள் வந்து போகப் பஸ் என்று மாவட்டம் முழுவதையும் ஒரே ஏற்பாட்டில் கொண்டுவருவதுதான் வீகாண்டின் கனவு. பெரும்பாலான இடங்களில் அந்தக் கனவு முனகிக்கொண்டாவது நடந்துவிட்டது. நடக்காத இடம் ஒன்றே ஒன்று. கிர்ஷ்பாக், ஸ்டைன்ரோட என்கிற இரண்டு கிராமங்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு ஓடை, ஓடைமேல் ஒரு கல்பாலம். கிர்ஷ்பாக் முழுக்கக் கத்தோலிக்கர்கள். ஸ்டைன்ரோட முழுக்கப் புரொட்டஸ்டன்டுகள். முந்நூறு வருஷமாக ஒருவர் வீட்டுப் பெண்ணை ஒருவர் எடுத்ததில்லை, ஒருவர் ஊர் பீரை ஒருவர் குடித்ததில்லை. புதுப் பள்ளியை இரண்டு ஊருக்கும் பொதுவாகக் குன்றின்மேல் கட்டியாகிவிட்டது. பஸ்ஸும் வந்தாகிவிட்டது. ஆனால் கிர்ஷ்பாக்காரர் ஓட்டினால் ஸ்டைன்ரோடப் பிள்ளைகள் ஏறமாட்டார்கள். ஸ்டைன்ரோடக்காரர் ஓட்டினால் கிர்ஷ்பாக் பிள்ளைகள் ஏறமாட்டார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, அந்தக் கொண்டாட்டம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன நம் சந்திரமௌலிக்கு வந்து சேர்ந்தது.

அவர் ஜெர்மனிக்கு வந்தது 1962-இல். லாரித் தொழிற்சாலை ஒன்றில் டீசல் எஞ்சின் பயிற்சி. பயிற்சி முடிந்ததும் மாவட்டத் தலைநகரில் ஒரு சின்னப் பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக ஒட்டிக்கொண்டார். இடையில் ஊருக்குப் போய் அம்பிகாவைக் கல்யாணம் செய்துகொண்டு, விடுமுறை முடிந்ததும் தனியாகத் திரும்பினார். மகள் கிரிஜா பிறந்தாள் என்று தந்தி வந்தபோது அவர் ஒரு பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். எழுந்த வேகத்தில் தலை இடித்துக்கொண்ட தழும்பு கடைசிவரை இருந்தது.

குழந்தைக்கு மூன்று வயதானபோது ஒருமுறை ஊருக்குப் போனார். கிரிஜா அம்மாவின் புடவைக்குப் பின்னாலிருந்து வெளியே வரவேயில்லை. நாலாம் நாள் மெதுவாக எட்டிப் பார்த்து, "அம்மா, இந்த மாமா எப்ப ஊருக்குப் போவாங்க?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சந்திரமௌலியும் சிரித்தார். அன்று மத்தியானம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே குறி. மனைவியையும் மகளையும் கூட்டி வந்துவிட வேண்டும். அந்தப் பெண் தன்னை அப்பா என்று கூப்பிட வேண்டும். வெளிநாட்டார் அலுவலகத்தில் நிரந்தர வேலையும் வீடும் கேட்டார்கள். பஸ் கம்பெனி முதலாளி கணக்காகப் பேசுகிற ஆள். "மாவட்டம் என்னோடு ஈஸ்டர் வரைக்கும்தான் பரீட்சைக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒழுங்காக வந்தால் ஒப்பந்தம் நீளும், உனக்கு வேலை நிரந்தரம், பணிமனை மாடியில் வீடும் தருகிறேன். வரவில்லையென்றால் பஸ்ஸை விற்றுவிடுவேன். பஸ் இல்லாமல் டிரைவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?" என்றார். நியாயம்தான். சந்திரமௌலியின் குடும்பம் இப்போது அந்தப் பஸ்ஸின் நாலு சக்கரத்தில் நின்றது.

அதனால் முதல் நாள் அவர் எதையும் அதிர்ஷ்டத்துக்கு விட்டுவைக்கவில்லை. கிர்ஷ்பாக் நிறுத்தத்தில், ஊரே வேடிக்கை பார்க்க, பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்து முன்சக்கரங்களுக்கு அடியில் வைத்துவிட்டு, பக்தியாக வண்டியை நகர்த்தினார். பழங்கள் நசுங்கிச் சாறு தெறித்தது.

கிர்ஷ்பாக்கின் ஊர்த்தலைவர் அலோயிஸ் ஷ்மாண்ட், நல்ல பாரியான விவசாயி, ஓடி வந்தார். "அது எதற்கு?"

"வண்டிக்கு நல்லது" என்றார் சந்திரமௌலி. அவரைப் பொறுத்தவரை அது உண்மை.

அதற்கு முந்தின வாரம்தான் ஷ்மாண்ட் பஸ்ஸின் முன்பலகையில் பயணிகளைக் காக்கும் புனிதரின் தகடு ஒன்றை ஒட்ட வேண்டும் என்று கேட்டு, ஸ்டைன்ரோடக்காரர்கள் அதற்குக் குதித்துக் கலவரமாகியிருந்தது. "எங்கள் பிள்ளைகள் தகட்டை நம்பிப் போக வேண்டியதில்லை" என்று சொன்னவர் அங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் ஐசன்ஹூத் அம்மாள். ஆனால் எலுமிச்சம்பழத்தை இருவருமே எதிர்க்கவில்லை. டயர் ரப்பருக்கு ஏதோ ஆகும்போல என்று இரண்டு ஊரும் தானாக முடிவு செய்துகொண்டது. அந்த மாதம் ஐசன்ஹூத் அம்மாளின் கடையில் டிராக்டர்காரர்கள் எலுமிச்சம்பழம் கேட்டு வந்தார்கள்.

எலுமிச்சம்பழம் எஞ்சினைக் காப்பாற்றியது. ஊரைக் காப்பாற்றவில்லை.

பஸ் வருகிற வழியில் முதலில் கிர்ஷ்பாக். பிறகு பாலம். அப்புறம் ஸ்டைன்ரோட. ஆகவே கிர்ஷ்பாக் பிள்ளைகள் உட்கார்ந்து வந்தார்கள். ஸ்டைன்ரோடப் பிள்ளைகளில் பாதிப்பேர் நின்று வந்தார்கள். "நாங்கள் என்ன இரண்டாந்தரமா?" என்று ஐசன்ஹூத் அம்மாள் மாவட்ட அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வீகாண்ட் வழியைத் திருப்பிப் போட்டார். மறுநாள் ஷ்மாண்ட் வந்தார். "இத்தனை நாள் முதலில் ஏறினோம், இப்போது எங்களை ஏன் இறக்கினீர்கள்?" ஒரு வாரம் அவர்கள், ஒரு வாரம் இவர்கள் என்று சொல்லிப் பார்த்தார் வீகாண்ட். "என் பசுவுக்கு வாரக் கணக்கு தெரியாது. பால் கறந்துவிட்டுத்தான் என் பேரன் கிளம்ப முடியும்" என்றார் ஷ்மாண்ட். இதில் மட்டும் ஐசன்ஹூத் அம்மாளும் அவரோடு ஒத்துப்போனார்.

சந்திரமௌலிக்கு இந்தச் சண்டை அத்துப்படி. அவர் ஊரில் ஒரு தேர் இருந்தது. வடத்தை முதலில் தொடுவது மேலத்தெருவா, கீழத்தெருவா என்று கோர்ட்டுக்குப் போய், தேர் பல வருஷம் கொட்டகையிலேயே நின்றது. சக்கரத்தைக் கறையான் அரித்தது, உச்சியில் ஆலஞ்செடி முளைத்தது. தேர் ஓடவில்லையே என்று எந்தத் தெருவும் வருந்தவில்லை. அவன் முதலில் தொடவில்லை என்ற நிம்மதி இரண்டு தெருவுக்கும் போதுமானதாக இருந்தது. சந்திரமௌலி மனதுக்குள் கிர்ஷ்பாக்குக்கு மேலத்தெரு என்றும் ஸ்டைன்ரோடவுக்குக் கீழத்தெரு என்றும் பெயர் வைத்துவிட்டார்.

இது மரியாதைப் பிரச்சினை, மரியாதையால்தான் தீர்க்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. நம்மவர் வேறென்ன செய்வார்? துணிக்கடைக்குப் போய் ஒரே நிறத்தில், ஒரே நீளத்தில் இரண்டு கம்பளிச் சால்வை வாங்கினார். இரண்டு தட்டு. தட்டுக்குச் சமமாக ஆரஞ்சு, ஆப்பிள், திராட்சை. ஞாயிற்றுக்கிழமை கோட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பி, ஷ்மாண்டின் வீட்டுக்குப் போய்த் தட்டைக் கொடுத்து, சால்வையை அவர் தோளில் போர்த்தி, "நீங்கள் பெரியவர். பார்த்து நடத்திக் கொடுக்க வேண்டும்" என்றார். ஷ்மாண்டுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் மனம் குளிர்ந்துவிட்டது. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்தார். சந்திரமௌலி அதைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டே பாலத்தைக் கடந்தார்.

ஐசன்ஹூத் அம்மாள் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"அங்கே முதலில் போனீர்களாமே."

சந்திரமௌலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிறத்தைப் பார்த்தார், நீளத்தைப் பார்த்தார், திராட்சையைக்கூட எண்ணி வைத்தார். ஒரு மனிதன் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுக்குப் போக முடியாது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

"அம்மா, வழியில் அந்த வீடு முதலில்..."

"அதைத்தானே நானும் சொல்கிறேன். உங்களுக்கும் அவர்கள்தான் முதலில்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. திங்கட்கிழமை ஸ்டைன்ரோட நிறுத்தத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை. செய்தி பரவியதும், அவர்களுக்கு அவ்வளவு ரோஷம் இருந்தால் எங்களுக்கு மட்டும் இல்லையா என்று செவ்வாய்க்கிழமை கிர்ஷ்பாக்கும் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டது.

புதன்கிழமை சந்திரமௌலி காலிப் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனார். போகாமல் இருக்கவும் மனம் வரவில்லை. பாலத்தின் நடுவில் வந்ததும் அவருக்கு மேலே ஓட்டப் பிடிக்காமல் பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து கிரிஜாவின் படத்தை எடுத்தார். இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று இல்லை. "இந்த மாமா ஊருக்கே வந்துடப் போறேம்மா" என்று படத்திடம் சொன்னார். கண் கலங்கிவிட்டது. நாற்பது பேர் உட்காரும் பஸ்ஸில் ஒருவரும் இல்லாததில் ஒரு சௌகரியம், அழுதால் யாருக்கும் தெரியாது.

பழைய பள்ளிகளைப் பூட்டியாகிவிட்டது, புதுப் பள்ளிக்கும் போகவில்லை. பிள்ளைகளெல்லாம் ஓடைக்கரையில்தான் கிடந்தார்கள், இந்தக் கரையில் இவர்கள், அந்தக் கரையில் அவர்கள். நடுப்பாலத்தில் பஸ் நிற்பதைப் பார்த்ததும் இரண்டு பக்கமிருந்தும் ஓடி வந்தார்கள். கதவைத் தட்டினார்கள். சந்திரமௌலி மூக்கைச் சிந்திவிட்டு நெம்புகோலை இழுத்தார். முன்கதவும் பின்கதவும் உஸ் என்று ஒன்றாகத் திறந்தன. முன்கதவில் ஸ்டைன்ரோடப் பிள்ளைகளின் தலைகள். பின்கதவில் கிர்ஷ்பாக் பிள்ளைகளின் தலைகள். "பஸ் கெட்டுப்போச்சா?" என்று இரண்டு பக்கமும் ஒரே கேள்வி. யார் முதலில் கேட்டது என்று சொல்ல முடியாது.

சந்திரமௌலி இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்த்தார். தேர்ச் சண்டை தீர்ந்த விதம் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு தாசில்தார் வந்து, தேருக்கு வடம் இரண்டுதானே, வேட்டுச் சத்தம் கேட்டதும் ஆளுக்கொன்றாக ஒரே நேரத்தில் தொடுங்கள் என்று சொன்னார். அதோடு தேர் கிளம்பிவிட்டது.

"அடடா, வடம் இரண்டு!" என்று தமிழில் கத்தினார். பிள்ளைகள் பயந்து இறங்கிவிட்டார்கள்.

மத்தியானமே வீகாண்டிடம் போய்ச் சொன்னார். ஊருக்குள் நிறுத்தமே வேண்டாம். இரண்டு ஊரிலிருந்தும் பாலத்துக்கு ஒரே தூரம். பஸ் பாலத்து நடுவில் நிற்கும். ஒரு நெம்புகோல், இரண்டு கதவு. முதல் என்று ஒருவரும் இல்லை, இரண்டாவது என்றும் ஒருவரும் இல்லை.

வீகாண்ட் எழுந்து போய் வரைபடத்தில் அந்தப் பாலத்தின்மேல் விரலை வைத்தார். "பாலத்தின்மேல் வண்டி நிறுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே."

"பள்ளிக்கூடம் நின்றுபோகலாம் என்று சட்டம் இருக்கிறதா?" என்றார் சந்திரமௌலி. இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே ஆச்சரியம்.

வீகாண்ட் சாலைத் துறையோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கினார். பாலத்தின் நடு எது என்பதில் சந்தேகம் வரக் கூடாதென்று தானே நாடாவோடு வந்தார். நாடாவின் ஒரு முனையை ஷ்மாண்டிடம் கொடுத்தார், மறுமுனையை ஐசன்ஹூத் அம்மாளிடம் கொடுத்தார். இருவரும் தத்தம் கரையில் நின்று, ஏமாற்றுகிறார்களோ என்று இழுத்துப் பிடித்தார்கள். நடுவில் மண்டியிட்டு வெள்ளைக் கோடு போட்ட வீகாண்டுக்குத் தெரியாது, அவர் ஒரு தேரோட்டத்தை ஆரம்பித்து வைத்தார் என்று. சந்திரமௌலிக்குத் தெரியும். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு ஊரும் திரண்டுவிட்டது. வெள்ளைக் கோட்டில் பஸ் வந்து நின்றதும் ஷ்மாண்ட் முன்னால் வந்து, கோட்டுப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். அதே நேரத்தில் ஐசன்ஹூத் அம்மாளும் கூடையிலிருந்து ஒன்றை எடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். பாலமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. நல்லவேளை, பஸ்ஸுக்கு முன்சக்கரம் இரண்டு. சந்திரமௌலி ஒன்றை இடப்பக்கம் காட்டினார், ஒன்றை வலப்பக்கம் காட்டினார். இரண்டு பழமும் ஒன்றாக நசுங்கின.

ஸ்டைன்ரோடப் பிள்ளைகள் முன்கதவால் ஏறினார்கள், கிர்ஷ்பாக் பிள்ளைகள் பின்கதவால். "அதென்ன, அவர்களுக்கு முன்கதவு, எங்களுக்குப் பின்கதவா?" என்று ஷ்மாண்ட் ஆரம்பித்தார். ஆனால் உள்ளே அவர் பேரனே கடைசி நீளப் பெஞ்சில் தாவி உட்கார்ந்துகொண்டு வெற்றிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தான். பெரியவர்களுக்குத்தான் முன்சீட்டு மரியாதை. உலகத்தில் எந்த ஊர்ப் பஸ்ஸிலும் பிள்ளைகளுக்குக் கடைசிப் பெஞ்சுதான் சிம்மாசனம். மறுநாள் ஸ்டைன்ரோடப் பிள்ளைகள் பின்கதவுக்கு ஓடினார்கள். அதற்கடுத்த நாள் எந்தப் பிள்ளை எந்த ஊர் என்று பஸ்ஸுக்குள் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பெரியவர்கள் கொஞ்ச நாள் கரையில் நின்று பார்த்துவிட்டு, குளிர் தாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஈஸ்டர் வந்தது, ஒப்பந்தம் நீண்டது. ஐசன்ஹூத் அம்மாள் தானாகவே ஆளனுப்பி, "அந்தச் சால்வை இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வெளிநாட்டார் அலுவலகம் முத்திரை குத்தியது. ஜூன் மாதம் அம்பிகாவும் கிரிஜாவும் பணிமனை மாடிவீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

கிரிஜா அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள், அவர் வாங்கித் தந்த பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். ஆனால் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. "அவங்ககிட்ட உப்பு கேளும்மா" என்பாள். "அவங்க வந்துட்டாங்க" என்பாள்.

"கூச்சம்ங்க. போகப் போகச் சரியாயிடும்" என்றாள் அம்பிகா.

"மாமான்னு சொல்லலையே, அதுவே பிரமோஷன்தான்" என்றார் சந்திரமௌலி. சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கக் கீழே இறங்கிப் போனார். ஏற்கெனவே துடைத்த வண்டி.

கோடை விடுமுறை முடிந்து, சந்திரமௌலியின் பஸ் போகிற அதே குன்றுப் பள்ளியில் கிரிஜாவுக்கு முதல் வகுப்பு ஆரம்பித்தது. முதல் நாள் பிள்ளைகளுக்கு மிட்டாய் நிறைத்த பெரிய காகிதக் கூம்பு கொடுத்து அனுப்புவது அந்த நாட்டு வழக்கம். அவளுக்கு இரண்டு கூம்பு வந்து சேர்ந்தது, கிர்ஷ்பாக்கிலிருந்து ஒன்று, ஸ்டைன்ரோடவிலிருந்து ஒன்று. இரண்டும் ஒரே உயரம். சந்திரமௌலி அளந்து பார்த்துக்கொண்டார்.

பஸ் புறப்படுவதே பணிமனையிலிருந்துதான். ஆகவே அன்று பஸ்ஸில் முதலில் ஏறியவள் கிரிஜா. இரண்டு பக்கமும் இரண்டு கூம்பை அணைத்துக்கொண்டு நேரே போய்க் கடைசிப் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தாள். அம்பிகா முன்சீட்டில் அமர்ந்தாள். பாலத்து வெள்ளைக் கோட்டில் வண்டி நின்றது, கதவுகள் திறந்தன, இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் பின்பெஞ்சுக்குப் பாய்ந்தார்கள். பாய்ந்தவர்கள் அப்படியே நின்றார்கள். சிம்மாசனத்தில் ஏற்கெனவே ஒரு ராணி.

"நீ யார்? எந்த ஊர்?" என்று கேட்டது ஸ்டைன்ரோடப் பெண் ஒன்று. "எங்களுக்கு முன்னால் எப்படி ஏறினாய்?"

கிரிஜாவுக்கு அப்போது தெரிந்த ஜெர்மன் பத்து வார்த்தைதான். அவள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த சந்திரமௌலிக்கு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. அதற்குள் அவள் கூம்புகளைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சின்மேல் ஏறி நின்று, பஸ்ஸின் முன்பக்கத்தை விரலால் சுட்டிக் காட்டினாள்.

"அது எங்க அப்பா!" என்று தமிழிலேயே கத்தினாள். "அப்பா! இவங்ககிட்ட சொல்லுப்பா!"

இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் திரும்பி டிரைவரைப் பார்த்தார்கள். டிரைவரின் கை நெம்புகோலில் அப்படியே இருந்தது. கதவை மூட வேண்டும், கியரைப் போட வேண்டும், பள்ளி மணி அடிப்பதற்குள் குன்றேற வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. அன்று பஸ் பாலத்து நடுவிலேயே வெகுநேரம் நின்றது. தாமதத்துக்குக் காரணம் நீயா நானா என்று இரண்டு ஊரும் சண்டை போடவில்லை.